இரண்டுக்கு ஒன்று

செப்டம்பர் 4, வியாழன்

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "செவப்பையும் சாம்பலையும் குடுத்துட்டு மஞ்சள எடுத்துக்கலாமா அம்மிணி?" என்றார். ஜவுளிக் கடையில் புடவை மாற்றுகிற தோரணை. மூன்றும் கார்கள்.

சிவப்பு அவருடையது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, தெரு நாய்களை எழுப்புகிற உறுமல். எங்கள் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் இரண்டாவது உலை போட்ட வருடம் வாங்கினார். சாம்பல், கூரையைத் திறந்து மூடுகிற இரண்டு சீட்டு வண்டி. அதையும் அவர்தான் ஆசைப்பட்டு வாங்கினார். ஆனால் பதிவு என் பெயரில். அப்போது அவருக்கு அஷ்டமச் சனி; அவர் பெயரில் வாகனம் எடுத்தால் ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். சனி பகவானுக்குப் பயந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தக்காரி ஆனேன். ஒரு வாரம் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சனி பெயர்ந்து போய்விட்டது. வண்டி என்னிடமே நின்றுவிட்டது.

மஞ்சள் பெங்களூரில் ஒரு ஷோரூமில் நிற்கிறது. நம் இரண்டின் குதிரைசக்தியைக் கூட்டினாலும் அதற்கு எட்டாதாம். இரண்டையும் கொடுத்தால்தான் அது வரும், ஒன்றை மட்டும் கொடுத்தால் வராது. ஆகவே என் கையெழுத்து வேண்டும். விஜயதசமிக்குள் சொல்ல வேண்டுமாம்.

"உங்க இஷ்டமுங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். உண்மைதான். வண்டி என்பது இரும்பு. ஞாயிறு காலையில் நான் அதை எடுப்பதுகூடப் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்றுதான்.

புளி அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

வழக்கம்போல விடியுமுன் கிளம்பினோம். வடவள்ளியிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து ஆழியாறு, திரும்பும்போது ஒரு மெஸ்ஸில் இட்லி. அவர் சிவப்பில், நான் சாம்பலில். முன்பெல்லாம் அவர் முன்னால் போவார், நான் பின்னால். சில மாதங்களாக என்னை முன்னால் போகச் சொல்கிறார். "உன்ர பிரேக் லைட்டப் பாத்துட்டே வந்தா நல்லா இருக்குது" என்கிறார். என் கியர் மாற்றலில் குற்றம் கண்டுபிடிக்க வருகிறார் என்பது என் அனுமானம்.

கிணத்துக்கடவு தாண்டி ஓர் ஊரில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். வேகத்தடை என்று சொல்வது மரியாதை. குன்று. இந்த மாதிரி தாழ்ந்த வண்டிகளை அதன்மேல் நேராக ஏற்ற முடியாது, அடி தட்டும். குறுக்குவாட்டில் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். எங்களுக்குள் ஒரு முறை உண்டு. முன்னால் போனவர் தன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, பின்னால் வருகிற வண்டியின் அடிவயிற்றைக் குனிந்து பார்த்துக் கை காட்ட வேண்டும். "வரட்டும், வரட்டும்" என்றால் வரலாம். உள்ளங்கையை விரித்தால் நிறுத்த வேண்டும்.

நான் உள்ளங்கையை விரித்தேன். அவர் வந்துகொண்டே இருந்தார். இரும்பு கல்லில் இழுபடுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது.

"கையக் காட்டுனனே, பாக்கலீங்களா?"

"நீ எங்க நின்ன?"

"லெஃப்ட்ல. எப்பவும் நிக்கற எடத்துல."

"வெயிலு கண்ணக் கூசுச்சு."

வானம் மூடியிருந்தது. தூறல் போடுகிற மாதிரி இருந்தது. அதைச் சொல்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: "கண்ணு பட்டுருச்சு அம்மிணி. ரெண்டு வண்டி ஒண்ணாப் போறதப் பாத்து ஊரே வயிறெரியுது. பூசணிக்கா சுத்தி ஒடைக்கோணும்."

அவ்வளவுதான். இட்லி வந்து, ஆறி, சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் திருஷ்டி பற்றியே சண்டை. படித்த மனுஷி பேசுகிற பேச்சா என்று அவரும், எஞ்சினியரிங் முடித்தவர் பேசுகிற பேச்சா என்று நானும். பக்கத்து மேசைக்காரர் சாம்பார் வாளியை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார், சண்டைக்குத் தெம்பு வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ.

செப்டம்பர் 9, செவ்வாய்

மேசையில் அவருக்கு இடது பக்கம் வைத்த டீயைத் தட்டிவிட்டார். விடைத்தாள் கட்டு முழுக்க டீ. வைக்கக் கூடாத இடத்தில் வைத்தது என் தப்பாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பெங்களூர் ஷோரூம் பையன் ஹரீஷ் வீடியோவில் வந்தான். மஞ்சளைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடியில் தொட்டுவிடுமாம்.

"எங்க கேட்டுல இருந்து மருதமலை ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நாலு ஸ்பீடு பிரேக்கருங்க தம்பி. அந்த மூணு விநாடிய நான் எங்க செலவு பண்றது?"

"மேடம் நல்லா ஜோக் அடிக்கிறீங்க. ஹைவேல மேடம், ஹைவேல!"

"ஹைவேல சட்டப்படி எவ்வளவு போலாம்?"

"அது... பவர் இருக்குன்ற ஃபீல் மேடம். யூஸ் பண்ணணும்னு இல்ல."

பயன்படுத்தத் தேவையில்லாத ஒன்றுக்காகப் பயன்படுத்துகிற இரண்டைக் கொடுப்பது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லலாம்.

பிறகு அவன் சொன்னான்: "சாரோட ரெட் பிரச்சினையே இல்ல, உடனே போயிடும். மேடத்தோட கிரே கொஞ்சம் ஸ்லோ மூவிங். பழைய மாடல், பவரும் கம்மி. பொம்மை மாதிரி வண்டி. சாருக்காக எடுத்துக்கறோம்."

பொம்மை என்றால் என்ன அளவுகோலில் பொம்மை, எதோடு ஒப்பிட்டு, எத்தனை வண்டியை ஓட்டிப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தான் என்று கேட்டேன். அவன் திணறினான். அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு, "தம்பி, நான் அப்பறம் கூப்படறேன்" என்றார்.

"உனக்கு ஒண்ணுமில்லைன்ன?"

"ஒண்ணுமில்லீங்க. துல்லியமில்லாமப் பேசுனா எனக்குப் புடிக்காது, அவ்வளவுதான்."

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை. போகவில்லை. சாம்பலின் கூரைத் துணிக்கு மெழுகு போட்டேன். விற்கிற பொருளைச் சுத்தமாக வைத்துக் கொடுப்பது மரியாதை.

சாப்பாட்டு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்த இடத்தை விட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே ஏசி காற்று நேராக வரும். "எனக்கு வலது பக்கமா உக்காரு" என்று என்னையும் இடம் மாற்றினார். பாத்திரங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு நான் சுற்றி வர வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து வயதில் எதற்கு இந்தப் புதுப் பழக்கம் என்று கேட்டேன். வாஸ்து என்றார். அதற்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன்.

குளிர்சாதனப் பெட்டியில் முட்டை வைக்கிற தட்டில் ஒரு சின்ன மருந்துக் குப்பி உருண்டுகொண்டே இருக்கிறது. முட்டை எடுக்கப் போனால் இது கையில் வருகிறது. பவுண்டரித் தூசிக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தாம். தூசிக்கு மருந்து என்றால் பவுண்டரியிலேயே வைத்துக்கொள்ளலாம். என் முட்டைக்கு நடுவில் ஏன்?

செப்டம்பர் 17, புதன்

கல்லூரியிலிருந்து வந்தால் வாசலில் அந்தோணி. எங்கள் வண்டிகளுக்குத் தகடு தட்டி வண்ணம் அடிக்கிறவன். சிவப்பின் இடது பக்கக் கண்ணாடி பெயர்ந்து கையோடு வந்திருந்தது. கதவிலும் நீளமாக ஒரு கீறல்.

"என்னக்கா, உங்க கேட்டுத் தூண லெஃப்டுல கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டிட்டீங்களா? அண்ணன் மாசாமாசம் அதுகிட்டப் போயி நலம் விசாரிச்சுட்டு வர்றாரு?"

"போடா, உன்ர வேலையப் பாரு" என்றார் அவர். சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "திருஷ்டிதான். எத்தன தடவ சொல்றது? படிகாரமும் கறுப்புக் கயிறும் கட்டோணும்."

இந்த முறை நான் கோபப்படவில்லை. பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன்: "திருஷ்டின்னா ரெண்டு பக்கமும் விழோணும். தற்செயல்னாலும் ரெண்டு பக்கமும் விழோணும். திரும்பத் திரும்ப எடது பக்கமே விழுதுன்னா அதுக்குத் தனியா ஒரு காரணம் இருக்கோணும். உங்க திருஷ்டிக்கு எடது கைப் பழக்கமுங்களா?"

அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான். அவர் உள்ளே போய்விட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விவாதத்தில் முழுசாக ஜெயித்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசை. அவர் அப்பாவுக்குத் திதி. ஐயர் போன பிறகு, வடையைத் தின்றுகொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"ரெண்டு வண்டில தனித்தனியாப் போறது என்ன பொழப்பு அம்மிணி? நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரே வண்டில ஒண்ணா உக்காந்து போலாம். நான் ஓட்டறேன், நீ பக்கத்துல இரு."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் இந்த வாயிலிருந்து வந்ததில்லை. ஹரீஷ் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மனைவியைச் சம்மதிக்கவைப்பது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பே நடக்குமாயிருக்கும்.

"பக்கத்துல உக்காந்து நான் என்ன பண்றது?"

"பேசிட்டு வா."

"பேசுனா சண்டைதானுங்க வருது."

"அதான் வேணும்" என்றார்.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்துக்கொண்டேன். ஹரீஷ் அடுத்த ஞாயிறு ஏதோ வேலையாக வண்டியை லாரியில் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுபோகிறானாம். வழியில் நீலாம்பூர் பைபாஸில் இறக்கித் தருவான்.

செப்டம்பர் 24, புதன்

மதியம் வகுப்பு இல்லை. சாம்பலுக்குப் பெட்ரோல் போடப் போனேன். பங்க்கில் கூட்டமாக இருந்ததால் அப்படியே கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம் என்று போனேன். ஆனைகட்டி வரைக்கும் போய்விட்டது. மலை வளைவுகளில் இரண்டாவது கியரில் ஒரு குரல் வரும் அந்த வண்டிக்கு. மூன்றாவதுக்கு மாற்றுகிற நேரத்தில் அது ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொள்ளும். வேறு எந்த வண்டியிலும் அது கிடையாது என்று சொல்ல எனக்குப் போதுமான தரவு இல்லை.

கூரையைத் திறந்திருந்தேன். தலையெல்லாம் சிக்கு. வீட்டில் கேட்டால் மின்விசிறி என்று சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நீலாம்பூரில் லாரியிலிருந்து மஞ்சளை இறக்கி வைத்திருந்தான் ஹரீஷ். டீக்கடையே காலியாகி அதைச் சுற்றி நின்றது. வண்டியில் இரண்டே சீட்டு. அதனால் ஹரீஷ் டீக்கடையில் இருந்துகொண்டான், நாங்கள் இருவரும் ஏறினோம். கிளம்பும்போது அவர், "லெஃப்ட்ட மட்டும் நீ பாத்துக்க" என்றார். புது வண்டி, பதற்றம் என்று நினைத்தேன்.

நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்தார். "லெஃப்ட் கிளியரா?" "லெஃப்டுல யாராச்சும்?" எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "கண்ணாடி எதுக்குங்க இருக்குது? என்னை என்ன கிளீனர் பையன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

திரும்புவதற்காக இடது பக்கக் கிளைச் சாலையில் இறங்கத் திருப்பினார். என் ஜன்னலை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார். அவரை மறைக்க அங்கே ஒன்றுமே இல்லை. பட்டப்பகல். வண்டி அவர்மேல் போய்க்கொண்டே இருந்தது.

"இடது! இடதுல ஆளுங்க!" என்று கத்திக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி வலது பக்கம் எகிறி நின்றது. மொபெட்காரர் காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார். ஒரு கேன் மூடி திறந்து பால் தார் ரோட்டில் ஓடியது. பால்காரர் வந்து எங்கள் கூரையில் அடித்து, "கண்ணு தெரியலயாடா? எட்டு ஊருக்குத் தெரியற மாதிரி மஞ்சளா ஒண்ண வாங்கி வெச்சுட்டு, மனுசன் தெரியலயா உனக்கு?" என்று கத்தினார்.

இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "தெரியலீங்க" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. கேள்விக்குப் பதில் சொல்கிற குரல்.

பாலுக்கு ஆனதைக் கொடுத்து அனுப்பினோம். வேப்பமர நிழலில் ஒரு இளநீர் வண்டி இருந்தது. அங்கே உட்கார்ந்தோம்.

"எந்தக் கண்ணுங்க?"

"எடது."

"எப்ப இருந்து?"

"போன தீபாவளிக்கு முன்னாடி டாக்டரு சொன்னாரு. உள்ள அழுத்தமாம். ஓரத்துல இருந்து அரிச்சுட்டே வருமாம், வலியே இருக்காதாம். கண்டுபுடிக்கறப்ப அந்தக் கண்ணு ஏறக்குறையப் போயிருச்சு."

"முட்டைத் தட்டுல இருக்கறது?"

"வலது கண்ணுக்கு. அது நல்லாருக்குது. தெனமும் சொட்டு விட்டா அப்படியே நிக்கும்ங்கறாரு."

"தூசிக்குன்னு சொன்னீங்க."

"தூசின்னா அதோட விட்டுருவே."

"திருஷ்டி, பூசணிக்கா, வாஸ்து, எல்லாம்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரிக்கிற மனுஷரை என்ன செய்வது?

"கீறலப் பாத்ததும் நீ 'எப்படி ஆச்சு'ன்னு கேப்பே. திருஷ்டின்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும், கீறலை விட்டுட்டுத் திருஷ்டியப் புடிச்சுக்குவே. ஒரு மணி நேரம் எனக்குக் கவலையில்ல. என்ர நம்பிக்கையெல்லாம் பூசணிக்கா மேல இல்ல அம்மிணி. உன்ர வாய் மேல."

இடது பக்கமே விழுகிறதென்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று நானேதான் சொன்னேன். அந்தோணியைச் சிரிக்கவைக்கச் சொன்னேன். வகுப்பில் ஒரு பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், "மேலே போ, என்ன காரணம்?" என்று உலுக்கியிருப்பேன்.

"ரெண்டு வண்டிக்கு ஒரு வண்டி ஏன்னு இப்பவாச்சும் சொல்லுங்க."

"தனித்தனியாப் போனா லெஃப்டுல எனக்கு யாரு இருக்கறா?"

பவர் இல்லை, மூன்று விநாடி இல்லை. அவருக்கு ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு இடது பக்கம் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை அவளுடைய வண்டியிலிருந்து இறக்கித் தன் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். உடைந்துபோன அந்தக் கண்ணாடிக்குப் பதிலாக நான்.

மஞ்சளை நான்தான் திருப்பிக் கொண்டுவந்து ஹரீஷிடம் விட்டேன். நல்ல வண்டி, அதை மறுக்க மாட்டேன். "எப்படி மேடம்?" என்று பல்லைக் காட்டினான். "துல்லியமா இருக்குது தம்பி" என்றேன்.

எனக்கு வந்த கோபம் எதன்மேல் என்று இப்போது பிரித்து எழுத வரவில்லை. தலைவலி.

செப்டம்பர் 29, திங்கள்

பேசவில்லை. மருந்து விட மறந்துவிட்டார் போலிருந்தது. குப்பியை எடுத்து அவர் தட்டுக்கு வலது பக்கத்தில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஹரீஷ் காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறான். விஜயதசமி நெருங்கிவிட்டது. வேறொருவர் மஞ்சளைக் கேட்கிறாராம். எப்போதும் வேறொருவர் கேட்பார்.

மாலையில் அவரே வாயைத் திறந்தார். "ஒரு ரெண்டு வருசம் அம்மிணி. நீ பக்கத்துல இருந்து சொன்னாப் போதும், ஓட்டீருவேன். டாக்டரு ஓட்டவே கூடாதுன்னு சொல்லல."

"அவர்கிட்ட என்ன வண்டின்னு சொன்னீங்களா?"

மேசையிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார்.

"நான் ஒரு நிமிசம் கோவிச்சுட்டு வாய மூடுனேன். அந்த ஒரு நிமிசத்துல ஒரு ஆளு செத்திருப்பாருங்க. நமக்குள்ள எத்தன தடவ கோவம் வருது ஒரு நாளைக்கு? அத நம்பி வண்டி ஓட்ட முடியுமா?"

குப்பியை வைத்துவிட்டு, சிவப்பின் சாவியை எடுத்துக் கையில் உருட்டினார். அவர் இருபது வயதில் கார்ப் பந்தயம் ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தபோது, பெண்ணின் அப்பாவிடம் சம்பளத்தைச் சொல்லாமல் பந்தயத்தில் ஒரு சுற்றுக்கு ஆன நேரத்தைச் சொன்னவர். அது எனக்கு நினைவு வராமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப சரி, மஞ்சள நீ ஓட்டு" என்றார் கடைசியில். "ரெண்டையும் குடுத்துட்டு அதையே எடுப்போம். உன்ர பேர்லயே. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். பவராச்சும் கேட்டுட்டு வர்றேன்."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு யோசனை வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை.

"வேண்டாமுங்க. என்ர வண்டிய நான் குடுக்கறதா இல்ல."

எழுதும்போதுதான் தெரிகிறது, 'என்ர வண்டி' என்று இதற்கு முன்னால் நான் சொன்னதே இல்லை. அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லைன்ன?"

"பொய் சொன்னேனுங்க. நீங்க சொல்லலையா?"

எழுந்து போய் ஹரீஷுக்கு அவரே போன் செய்தார். மஞ்சள் வேண்டாம், சிவப்பை மட்டும் எடுத்துக்கொள் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். "இல்ல தம்பி. அந்தப் பொம்ம வண்டி விக்கறதுக்கு இல்ல. அதுக்குச் சொந்தக்காரங்க ஒத்துக்கல."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பவுண்டரியில் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். இரண்டு வண்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. நாளை மறுநாள் போகப்போகிற சிவப்புக்கு எதற்கு மாலை என்று கேட்க வந்து, கேட்கவில்லை. பூசணிக்காயை நானே வாங்கி வந்திருந்தேன். நம்பிக்கையால் அல்ல, கடையில் அவருக்குத் தெரியாத இடது பக்கம் படிக்கட்டு இருக்கிறது.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சிவப்பின் சாவியை அவர் என்னிடம் நீட்டினார்.

"நீயே ஏத்து."

"கொஞ்ச தூரந்தானே, நீங்களே ஏத்துங்க. லெஃப்ட நான் பாத்துக்கறேன்."

ஏறி உட்கார்ந்தார். நான் இடது பக்கம் நின்று, அவருக்குத் தெரியாது என்பதால் வாயால் சொன்னேன். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. வாசல் வரை போய் நிறுத்தினார். இறங்காமல், எஞ்சினை அணைக்காமல், காலால் லேசாக மிதித்து மிதித்து அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்தார். தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. வழக்கமாக நான் வெளியே வந்து கத்துகிற இடம் அது. இன்றைக்கு உள்ளே போய்ச் சுண்டலுக்குத் தேங்காய் துருவினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சிவப்பு போய்விட்டது. அந்த இடத்தில் எண்ணெய்க் கறை. தேய்த்தால் போகவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கிளம்பவே தாமதம். சாம்பலின் இடது சீட்டில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. அது என் கைப்பைக்கும் விடைத்தாளுக்குமான இடம். சீட்டை முன்னால் தள்ளி வைத்திருந்தேன். அவர் முழங்கால் தாடையில் இடித்தது. பின்னால் தள்ளுகிற நெம்புகோல் எங்கே என்று தேடி, தவறானதை இழுத்து, மல்லாந்து படுத்துவிட்டார். எழுப்பி உட்காரவைத்தேன்.

பாலத்துறை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடி, வளைவுக்குள் பிடிக்காதே. கியரை ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறாய்? லாரிக்குப் பின்னால் ஏன் ஒட்டுகிறாய்? ஒரு கட்டத்தில், "இறக்கி விட்டுருவேன், பஸ்ல வாங்க" என்றேன். இரண்டு வண்டியாகப் போன ஞாயிற்றுக்கிழமைகளின் அமைதியை நினைத்துப் பார்த்தேன். இரண்டு வண்டி ஒன்றாவதில் உள்ள நஷ்டத்தை யாரும் எனக்குச் சரியாகக் கணக்கிட்டுச் சொல்லவில்லை.

பிறகு ஒரு லாரிக்கு வழி விட்டு வேகத்தைக் குறைத்தேன். திரும்பினால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க? இப்ப என்ன தப்பு?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு மஞ்சள் வண்டில நீ எனக்கு லெஃப்டுல இருந்தே. வாய் மட்டும் கேட்டுது. ஆளு தெரியல. இப்பத் தெரியறே."

"ரோட்டப் பாருங்க" என்றேன்.

"அது உன்ர வேல."

கிணத்துக்கடவு தாண்டி அந்தக் குன்று வந்தது. நிறுத்தினேன். அவர் ஒரு பாடாகச் சீட்டிலிருந்து வெளியே வந்து, வண்டிக்கு முன்னால் சுற்றிப் போய், என் வலது பக்கம் நின்று குனிந்து அடியைப் பார்த்தார். வண்டியைக் குறுக்குவாட்டில் திருப்பினேன்.

"வரட்டும்" என்று கை காட்டினார். "வரட்டும். வரட்டும்."

தட்டவில்லை.